கிடாய்த் தோலும் பொன்னாடையும்

புயல் எங்கள் ஊருக்குச் செய்ய வேண்டியதை ஒரே நாளில் செய்துவிட்டுப் போய்விட்டது. உதவி அப்படியல்ல. அது ஆறுதலாக, அவசரமில்லாமல் வந்தது, கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தது, தேத்தண்ணீர் குடித்தது, படம் எடுத்தது, பிறகும் போக மனமில்லாமல் நின்றது. தேத்தண்ணீர் ஊற்றியவள் நான். அதனால் இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

நான் புளியங்கூடலில் ஆடு வளர்த்துச் சீவிப்பவள். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் நானும் ஆடுகளும்தான். காற்று அடித்த அன்று விடியவே வெள்ளம் வீட்டு வளவுக்குள் ஏறிவிட்டது. பட்டி நிறைய நின்றவற்றில் குட்டி போடும் இரண்டு மறியாடுகளையும் ஒரு கிடாய்க்குட்டியையும்தான் என்னால் காப்பாற்ற முடிந்தது. கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வேலியால் ஏறும்போது முட்கம்பி அதன் விலாவைக் கிழித்துவிட்டது. அது கத்திய கத்தல் காற்றையும் மீறிக் கேட்டது.

சனத்தைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். வாசலில் குடையோடு நின்ற உத்தியோகத்தர் என் ஆடுகளைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி மறித்தார்.

“அக்கா, இது மனிசருக்குரிய இடம்.”

“அதுதான் தம்பி நீரும் வெளியிலை நிக்கிறீரோ?”

அவர் வழி விட்டுவிட்டார். கிடாயின் காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினேன். காயம் ஆறி, பிறை வடிவில் ஒரு தழும்பு நின்றது. அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. முகாமில் அது என் காலடிப் பாயில் படுத்துப் பழகி, வீடு திரும்பிய பிறகும் அங்கேதான் படுத்தது. விற்கிற ஆட்டுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சொல்வது. நானும் வைக்கவில்லை. “வாடா” என்பேன், வரும். ஆனாலும் இதை மட்டும் விற்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

என் வேலிக்கு அடுத்த வளவு தவில்கார அண்ணையுடையது. அவருடையது என்று சொல்வதும் பிழை. அது கோயில் காணி. கோயிலில் மேளம் வாசிக்கும்வரை குடியிருக்கலாம் என்பது அவருடைய தகப்பன் காலத்துப் பேச்சு. காலைப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் அண்ணையின் தவில், அவருடைய தம்பியின் நாதஸ்வரம். மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் இந்த இரண்டு பேரும்தான். திருவிழா வந்தால் மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி எங்கள் தீவுக்குப் பெரிய மேளம் வரும், இவர்கள் பின்னுக்கு நிற்பார்கள். அப்போதும் முகம் கோணமாட்டார்கள். எனக்குத்தான் கோணும்.

வெள்ளத்தன்று தம்பி நாதஸ்வரத்தைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகாமுக்கு வந்தார். அவருடைய மனைவி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சட்டி பானையுமாகப் பின்னால் வந்தார். தவில் பாரம். அண்ணை அதைக் கூரை வளையில் தொங்கவிட்டுவிட்டு வந்தார். வெள்ளம் அவ்வளவு உயரம் ஏறாதுதான். ஆனால் கூரையே கீழே இறங்கி வரும் என்று அவர் நினைக்கவில்லை. திரும்பிப் போனபோது தவில் சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்தது. பலாக்கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பக்கத்துத் தோலும் தப்பிவிட்டது. மற்றப் பக்கத்து ஆட்டுத் தோல் மட்டும் ஊறின அப்பளம்போல் கையோடு வந்தது. அண்ணை அதை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை குந்தியிருந்தார். நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கையால் வாங்கிக் குடித்தார், மறு கை தோலிலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் கலைக்கு உதவுகிற ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த வான் வண்டியிலிருந்து அரிசி இறங்குவதற்கு முன்னர் பதாகை இறங்கியது. ‘கலைஞர்களுக்குக் கைகொடுப்போம்’ என்று எழுதி, எங்கேயோ ஒரு திருவிழாவில் பிடித்த அண்ணையின் முகத்தையும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, உடைந்த வீட்டுக்கு முன்னால் நின்று தவிலை ஒருக்கால் வாசித்துக் காட்டச் சொன்னது.

“தோல் இல்லை, பிள்ளை,” என்றார் அண்ணை.

“சத்தம் வேண்டாம் ஐயா, நாங்கள் பிறகு பாட்டுப் போடுவம். கையை மட்டும் ஆட்டுங்கோ.”

அண்ணை கையை ஆட்டினார். தோல் இல்லாத தவிலில் ஒரு மனிதர் வாசிக்கிறார், ஊர் சுற்றி நின்று பார்க்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கமராவை வாங்கிக் கிணற்றுக்குள் போட்டிருப்பேன். அண்ணையின் மனைவி கண்ணால் மறித்துவிட்டார். அவர்கள் போன பிறகு பதாகையை மடித்து வைத்துக்கொண்டவரும் அவர்தான். நல்ல தடித்த சாமான். அவர்கள் அடுப்பெரிக்கும் குசினிக்குக் கூரை இல்லாமல் இருந்தது, அதை இழுத்துக் கட்டினோம். அண்ணையின் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது. வந்த உதவிகளில் மழைக்கு ஒழுகாத உதவி அது ஒன்றுதான்.

பிறகு கோயில் மண்டபத்தில் ‘கலைஞர் நிவாரணக் குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர் சொல்லியிருந்தார்களாம். அதனால் என்னைப் போட்டார்கள். வேலை அதே தேத்தண்ணீர். குழுவின் தலைவர்தான் கோயில் பரிபாலன சபைக்கும் தலைவர். வயதில் அண்ணையைவிட இளையவர், ஆனால் அண்ணையை ‘நீங்கள்’ என்னாமல் ‘நீர்’ என்றுதான் சொல்வார். அண்ணை அவரை ‘ஐயா’ என்பார். எங்கள் ஊரில் புயல் எல்லாவற்றையும் பிரட்டிப் போட்டது, இதை மட்டும் தொடவில்லை.

அது பிள்ளையார் பெருங்கதை விரத காலம். இருந்த எல்லாரும் முழுகி, நூல் காப்புக் கட்டி, ஒரு பொழுது உண்டு, பசிக்களையோடும் புண்ணியத்தோடும் இருந்தோம். தலைவர் அண்ணையைப் பார்த்து, “உமக்கு என்ன தேவை எண்டு மனம் திறந்து சொல்லும்,” என்றார்.

அண்ணை மனம் திறந்தார். “ஒரு ஆட்டுத் தோல் காணும், ஐயா, வேறொண்டும் வேண்டாம். கிடைச்சால் நானே போட்டிடுவன்.”

தலைவர் இரண்டு கையாலும் காதைப் பொத்தாத குறை.

“கோயில் மண்டபத்துக்கை, விரத நாளிலை, என்ன கதை கதைக்கிறீர்?”

“தவிலுக்கு, ஐயா.”

“தவிலுக்கு எண்டாலும் கோயில் காசிலை தோல் வாங்க ஏலாது. ஒரு உயிரைக் கொன்று எடுக்கிற சாமான்.”

எனக்குப் பொறுக்கவில்லை. தட்டத்தை வைத்துவிட்டுக் கேட்டேன். “அப்ப இவ்வளவு காலமும் சுவாமி எந்தத் தோலிலை மேளம் கேட்டவர்?”

“அக்கா, அது இருந்த தோல். இது வாங்கிற தோல். வாங்கினால் கூட்ட அறிக்கையிலை எழுத வேணும்.”

இந்த நியாயத்துக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். பிளாஸ்ரிக் போட ஏலாதோ என்று ஒருவர் கேட்டார். “போடலாம்,” என்றார் அண்ணை. “பேந்து தவிலை ஏன் தூக்கித் திரிவான், ஒரு வாளி காணும்.” யாரும் சிரிக்கவில்லை. பசி.

தோல் என்ன, கடையில் வாங்க முடியாத பொருளா என்று கேட்கலாம். அந்த நாளில் முடியாது. வெள்ளத்தில் செத்த ஆட்டின் தோல் அழுகி, தொட்டால் கிழியும். இறைச்சிக்கடைகளில் வெட்ட ஆடு இல்லை. யாழ்ப்பாணப் பக்கம் தவிலுக்குத் தோல் போடுகிறவர்களிடம் அண்ணையின் தம்பி போய்க் கேட்டார். ஊரெல்லாம் தவில் நனைந்து வரிசையில் இருக்குது, தைப்பொங்கல் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்கள். இரவல் தர யாரிடமும் மிச்சத் தவில் இல்லை.

இதற்கிடையில் தலைவர் வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரருக்குத் தொலைபேசியில் அழுதிருக்கிறார். கோயிலில் மேளச் சத்தமே இல்லை, கலைஞர்கள் நொந்துபோயிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. அங்கே இருக்கிறவர்கள் உண்மையில் நல்ல மனதுக்காரர்கள். கேட்டு உருகி, உடனே உதவி அனுப்பினார்கள். வந்திறங்கியது மின்சார மேளம். ஒரு இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, ஒரு சேமக்கலம், நாலைந்து மணி. எல்லாவற்றையும் ஒரு மோட்டார் அடிக்கும். ஆள் தேவையில்லை. மேளகாரருக்கு உதவி செய்யச் சொன்னால், மேளகாரரே தேவையில்லாத ஒரு மேளத்தை அனுப்ப எங்கள் ஊர்க்காரருக்குத்தான் மூளை வேலை செய்யும்.

அதற்கு ஒரு திறப்பு விழாவும் நடந்தது. தவில்கார அண்ணையைக் கௌரவிக்க வேண்டும் என்று முன்வரிசையில் கதிரை போட்டார்கள். அவர் கோயிலுக்குள் கதிரையில் இருந்தது அன்றுதான். பேச்சு முடிந்து, பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுவிச்சைப் போட்டுத் தொடங்கி வைக்கும்படி சொன்னார்கள்.

நான் தூணோடு நின்று பார்த்தேன். அவர் ஒரு கணம் தன் விரலைப் பார்த்தார். பிறகு அமத்தினார். மெஷின் டமார் டமார் என்று தொடங்கியது. கமராக்காரர், ஐயா கொஞ்சம் சிரியுங்கோ என்றார். ஐயா சிரித்தார்.

விழா முடிந்ததும் தலைவர் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னது எனக்கும் கேட்டது. “மார்கழித் திருவெம்பாவைப் பூசை பத்தாம் நாளுக்குள்ளை உம்மடை தவில் சரிவந்தால் வாசியும். இல்லையெண்டால் இதையே நிரந்தரமாக்கிறதுதான். காணி விசயம் பேந்து ஆறுதலாக் கதைப்பம்.”

வீட்டுக்கு அண்ணையோடு சேர்ந்து நடந்து வந்தேன். பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். “மெஷின் எப்பிடி?” என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

“தாளம் பிசகேல்லை, தங்கச்சி,” என்றார். “ஆனா எங்கை நிப்பாட்டிறதெண்டு அதுக்குத் தெரியாது.” கொஞ்சத் தூரம் போய், “காணியைக் கேட்டால் எங்கை போறது எண்டு இவள் அழுகிறாள்,” என்றார். இவள் என்றது மனைவியை. அண்ணை தானும் அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. காலடியில் கிடாய் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் தோலைப் பார்த்தேன். பார்த்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். இளம் கிடாய், கொழுப்பில்லாத உடம்பு. இதைவிட நல்ல தோல் தீவு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில்.

ஊர்காவற்றுறைக் கரையில் வள்ளமும் வலையுமுள்ள ஒரு சம்மாட்டியின் மனைவி இருக்கிறாள். கத்தோலிக்கப் பெண். வருஷா வருஷம் யேசு பிறந்த நத்தாருக்கு என்னிடம்தான் கிடாய் வாங்குவாள். நான் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவேன். பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. சைவக்காரி ஆடு விற்கிற முறை அது. இந்த முறை அவளை நானே தேடிப் போனேன். அவர்கள் வள்ளம் உடைந்து கரையில் கிடந்தது. வலை போன இடம் தெரியவில்லை.

“இந்த நத்தாருக்கு ஆடு இல்லை, அக்கா,” என்றாள் என்னைக் கண்டதும். “வாங்க ஏலாது. கோவிச்சுக்கொள்ளாதேங்கோ.”

“விக்க வரேல்லை. கிடாயைக் கொண்டு வாறன், காசு வேண்டாம். தோலை மட்டும் கிழியாமல் எனக்குத் தா.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் இடது கையில் விரதக் காப்பு இருந்தது. “தோல் உங்களுக்கு என்னத்துக்கு?”

“திருவெம்பாவைக்கு.”

அவள் உள்ளே இருந்த புருஷனை எட்டிப் பார்த்தாள். “இவர் நல்லா உரிப்பார்,” என்றாள். “கத்தி படாமல் எடுக்கச் சொல்லுறன்.” கரையிலிருந்த அத்தனை வீட்டுக்கும் அந்த நத்தாருக்கு ஒரு பிடி இறைச்சி போனதாகப் பிறகு சொன்னாள்.

நத்தாருக்கு முதல் நாள் கிடாயைக் கூட்டிக்கொண்டு போனேன். காப்புக் கட்டிய கையில்தான் கயிறும் இருந்தது. வழியில் கண்ட குழை எல்லாம் ஒடித்துக் கொடுத்தேன். அது என்னைவிட முன்னுக்கு ஓடியது, சவாரி போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ. கயிற்றைக் கொடுத்தபோது அன்றும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்த்துவிட்டேன். அது பார்க்கவில்லை, வேலியில் ஏதோ கடித்துக்கொண்டு நின்றது. எனக்கு அது பெரிய ஆறுதலாகவும் இருந்தது, பெரிய துக்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை தோல் வந்தது. நிவாரணப் பொதி வந்த பையிலேயே சுற்றி அண்ணையிடம் கொடுத்தேன். அவர் விரித்தார், தழும்பைக் கண்டார், என் முகத்தைப் பார்த்தார். முகாமில் மஞ்சள் அரைத்துக் கொடுத்தது அவருடைய மனைவிதான்.

“தங்கச்சி, இது...”

“கேள்வி கேக்காதேங்கோ அண்ணை. வேலையைப் பாருங்கோ.”

சுண்ணாம்பும் சாம்பலும் பூசி, மயிர் சுரண்டி, பலகையில் ஆணி அடித்து இழுத்துக் காயப் போட்டார். மார்கழி மாதத்தில் வெயிலை எங்கே தேடுவது? குசினிப் பதாகைக்குக் கீழே, அடுப்புச் சூட்டில், அவர் சிரித்த முகத்தின் நிழலில்தான் காய்ந்தது. கலைஞருக்கு அந்தப் பதாகை கைகொடுத்ததை நான் மறுக்க முடியாது. மணம்தான் தெருவரைக்கும் போனது. திருவெம்பாவைப் பூசைக்குப் போன தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணையின் படலை வாசலில் நின்றார்.

“என்ன அக்கா, இந்த மணம்?”

“வாடைக்காத்து, தலைவர். கரைப் பக்கத்துக் கருவாடு மணக்குது போலை.”

“சீ. உவங்களுக்கு நாள் கிழமை தெரியாது,” என்றுவிட்டு அவர் போனார். கரையில் உள்ளவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தோல் காயுமா காயாதா என்று ஒவ்வொரு நாளும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். அந்த நாட்களில் கோயிலில் மெஷின்தான் அடித்தது. தம்பி அதோடு நாதஸ்வரம் வாசிக்கப் பார்த்து, அது தன் பாட்டுக்கு ஓட, கைவிட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் பின்னேரம் அண்ணை தோலை வளையத்தில் இழுத்துக் கட்டினார். வாசித்துப் பார்க்கவில்லை. நாளைக்குக் கோயிலில் கேட்பம் என்றார். பிடிக்குமோ வெடிக்குமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்கும்.

பத்தாம் நாள் விடிகாலை, தூறலில், ஊர் முழுக்கக் கோயிலில் நின்றது. அண்ணையும் தம்பியும் வந்து தங்கள் இடத்தில் நின்றார்கள். தலைவர் தவிலைக் கண்டு திகைத்தார். ஆனால் எப்போதும் அவருக்கு முதலில் தெளிவது வாய்தான். ஒலிவாங்கியைப் பிடித்து, “எங்கள் நிவாரணக் குழுவின் அயராத முயற்சியால் இன்று மீண்டெழுந்திருக்கும் கலைஞர்,” என்று தொடங்கி ஒரு பேச்சுப் பேசி முடித்தார். எங்கிருந்து தோல் வந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அறிக்கையில் எழுத வேண்டி வரும்.

திரை விலகியது. தீபம் ஏறியது. அண்ணை அடித்தார்.

அந்தச் சத்தம் வெண்கலம்போல் எழுந்து மண்டபச் சுவரில் பட்டுத் திரும்பியது. தோல் பிடித்துவிட்டது. சனம் அரோகரா சொன்னது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அடக்க அடக்க விம்மலும் வந்தது. அந்தத் தோல் என் தோளில் கிடந்தது, என் காலடியில் படுத்தது. வேறு எதற்கு நான் அழ?

“பக்தி எண்டால் இதுதான்,” என்றார் தலைவர் பக்கத்தில் நின்றவரிடம். பிறகு கமராக்காரரைக் கூப்பிட்டு, “அக்கா அழுகிறதைக் கிட்டவா எடும்,” என்றார். வெளிநாட்டில் அந்தப் படம் நல்லாய் ஓடியதாம். என் மகள்கூடப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு எப்போதிருந்து இவ்வளவு சுவாமி பயம் என்று கேட்டாள். மேளம் மீண்டும் கேட்கிறது, கலைஞர் எழுந்துவிட்டார் என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டபடியால், எழுந்தவரை மறுபடி படுக்க வைக்கச் சபையால் முடியவில்லை. காணிக் கதை எடுபடவில்லை. மெஷின் இப்போது மூலையில் மஞ்சள் துணி மூடி நிற்கிறது, அதன் மேல் ஐயர் அர்ச்சனைத் தட்டங்களை அடுக்கி வைக்கிறார்.

அன்று பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு அண்ணை தவிலோடு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று பயந்தேன். சொல்லவில்லை. தவிலைத் திருப்பி, தோலின் விளிம்பை, வளையத்துக்குக் கிட்டவாகக் காட்டினார். அங்கே அந்தப் பிறைத் தழும்பு இருந்தது.

“அதை ஓரத்துக்குத் தள்ளிப் போட்டனான், தங்கச்சி,” என்றார். “அதிலை அடி விழாது.”

“நடுவிலை வந்தால் தோல் வெடிக்கும், அதுக்காகத்தானே அண்ணை,” என்றேன்.

“ஓம்,” என்றார். “அதுக்கும்தான்.”